தோளில் 3 மில்லிமீட்டர் எங்கே போனது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 61 வயது. மலேசியாவில், பட்டர்வொர்த்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். 30 வருடமாக தே தாரிக் இழுப்பது, அதாவது பால் டீயை உயரத்திலிருந்து ஊற்றி நுரைக்க ஆற்றுவது, என் வேலை. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்து 15 வருடம் ஆகிறது. எட்டு மாதமாக வலது தோளில் வலி. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் பிடிக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுப்பதும் சிரமம். போன வருடம் கடையில் வழுக்கி விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரேயில், தோளின் மேல் இடைவெளி 9 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தார்கள். சென்ற மாதம் வேறு இடத்தில் எடுத்ததில் 6 மில்லிமீட்டர், ‘இடைவெளி குறைந்துள்ளது’ என்று இருக்கிறது. அன்று தலைசுற்றலாக இருந்ததால் படுக்க வைத்து எடுத்தார்கள். காறை எலும்பு (காலர் எலும்பு) மூட்டில் 2 மில்லிமீட்டர், அதுவும் ‘ஒடுங்கியுள்ளது’. தசைநாண் அறுந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்கிறான் மகன், கூகிளில் பார்த்துவிட்டு. எலும்புத் தேய்மானம், உருட் (மலாய் முறையில் நீவிவிடுவது) போட்டால் சரியாகிவிடும் என்கிறாள் மனைவி. ஒரே வருடத்தில் 3 மில்லிமீட்டர் எங்கே போனது? அதைத் திரும்ப அகலமாக்க முடியுமா? வரும் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். எடுக்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த 6-ம் இல்லை, 9-ம் இல்லை. ‘படுக்க வைத்து எடுத்தார்கள்’ என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதுதான். தோள் எக்ஸ்ரே பார்த்து அறிக்கை எழுதுவதே பல வருடங்களாக என் வேலை. காணாமல் போன 3 மில்லிமீட்டரில் ஒரு பகுதியாவது அந்தப் படுக்கையில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த இடைவெளி என்ன என்று பார்த்துவிடுவோம். உங்கள் வலது தோளின் உச்சியில் இடது கை விரல்களை வைத்து அழுத்துங்கள். தட்டையாக, கெட்டியாக ஒரு எலும்பு தெரியும். தோள்பட்டை எலும்பு முன்னால் நீண்டு வந்து அங்கே கூரை போட்டிருக்கிறது. அக்ரோமியன் என்று பெயர். அதற்குக் கீழே மேற்கை எலும்பின் உருண்டைத் தலை இருக்கிறது. அதைப் பந்து என்று வைத்துக்கொள்வோம். கூரைக்கும் பந்துக்கும் நடுவில் உள்ள சந்தைத்தான் அளந்திருக்கிறார்கள். நின்றபடி எடுத்த படத்தில் பெரும்பாலோருக்கு அது 7 முதல் 14 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஒரு பட்டாணி உருண்டு போகிற அளவு.

எக்ஸ்ரேயில் அது கறுப்பாக, காலியாகத் தெரியும். ஆனால் அங்கே காலி இடமே கிடையாது. எக்ஸ்ரேக்கு எலும்பு மட்டும்தான் நன்றாகத் தெரியும். அந்தச் சந்துக்குள் சூப்ராஸ்பினேட்டஸ் என்ற தசையின் நாண் ஓடுகிறது. அதற்கு மேல் உராய்வைக் குறைக்க ஒரு மெல்லிய பை, கீழே மூட்டின் உறை. மூன்றும் எக்ஸ்ரேயின் கண்ணில் படாது. ஆக, நாங்கள் அளப்பது சுவருக்கும் சுவருக்கும் உள்ள தூரம். வீட்டுக்குள் யார் எப்படி இருக்கிறார்கள் என்பதை அந்தத் தூரத்தை வைத்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கையைத் தூக்கும்போது டெல்டாய்டு என்ற பெரிய தசை பந்தை மேல்நோக்கி இழுக்கும். அது கூரையில் போய் முட்டாமல், பந்தை, அது பொருந்தியிருக்கும் தோள்பட்டை எலும்பின் கிண்ணத்தோடு அழுத்திப் பிடித்து வைப்பது சூப்ராஸ்பினேட்டஸும் அதன் கூட்டாளிகள் மூன்று பேரும். நான்கும் சேர்ந்ததுதான் ரொட்டேட்டர் கஃப். இதில் பெரிய கிழிசல் விழுந்து நாளாகிவிட்டால், பிடிக்க ஆளில்லாமல் பந்து மெல்ல மேலே ஏறும், சந்து ஒடுங்கும். 1990-ல் ஜப்பானைச் சேர்ந்த ஹமாடாவும் அவருடைய சகாக்களும், பெரிய கிழிசல் உள்ள தோள்களை இந்த இடைவெளியை வைத்துத்தான் படிநிலைகளாகப் பிரித்தார்கள். 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் படி. 5-க்கு இறங்கிவிட்டால் இரண்டாம் படி. அடுத்த படியில் பந்து முட்டி முட்டிக் கூரையே குழிந்து போயிருக்கும். கடைசியில் மூட்டே தேய்ந்துவிடும்.

மீதிப் பாதியைக் கூகிள் அவருக்குச் சொல்லியிருக்காது. அந்தப் படிகள் எல்லாம் கிழிசல் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கானவை. சூப்ராஸ்பினேட்டஸில் மட்டும் சின்னக் கிழிசல் என்றால் பெரும்பாலும் இடைவெளி குறையவே குறையாது. 10 மில்லிமீட்டர் என்று அழகாக அறிக்கை வரும், உள்ளே ஓட்டை இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. படம் எடுத்த விதத்தால் மட்டுமே 6 என்று வரும், உள்ளே நாண் முழுசாக இருக்கும். 5-க்கும் கீழே போனால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். 6 என்பது எல்லைக் கோட்டில் நிற்கிற எண். அதுவும் படுத்தபடி எடுத்த 6.

நிற்கும்போது கையின் எடை பந்தைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. படுத்தால் அந்த இழுப்பு போய்விடும், பந்து சற்று மேலே நகர்ந்துகொள்ளும். வலிக்கு பயந்து தோளை இறுக்கிப் பிடித்தாலும் கையைக் கொஞ்சம் விலக்கி வைத்தாலும் இதேதான். எக்ஸ்ரே குழாய் எந்தச் சாய்வில் இருந்தது என்பதும் சேரும். சில பாகை மாறினாலே கூரையின் நிழல் கீழே இறங்கிவிடும். அப்புறம் அளக்கிற ஆள். திரையில் மவுஸால் இரண்டு புள்ளி வைக்கிறோம். கூரையின் அடி விளிம்பில் ஒன்று, பந்தின் உச்சியில் ஒன்று. நான் வைக்கும் புள்ளிக்கும் பக்கத்து அறையில் என் சக டாக்டர் வைக்கும் புள்ளிக்கும் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய வருவது சாதாரணம். வேறு வேறு இடத்தில், வேறு வேறு இயந்திரத்தில், ஒன்று நின்றும் ஒன்று படுத்தும் எடுத்த இரண்டு படங்களைக் கழித்துப் பார்த்து 3 என்று வந்தால் அதைத் தேய்மானக் கணக்கில் எழுத முடியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அம்மாவின் தோளில் 4 மில்லிமீட்டர் என்று அளந்து, பெரிய கிழிசலாக இருக்கலாம் என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதிவிட்டேன். அந்த அம்மா இரண்டு வாரம் தூங்கவில்லையாம். அல்ட்ராசவுண்டில் நாண் கயிறு மாதிரி முழுசாக இருந்தது. பழைய படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். காறை எலும்பு இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை, குழாய் சாய்ந்திருந்தது. எண்ணை அளக்கும் முன்னால் படத்தை அளக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காறை எலும்பு மூட்டின் 2 மில்லிமீட்டரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். காறை எலும்பின் நுனி அந்தக் கூரையைத் தொடுகிற சின்ன மூட்டு அது. இளம் வயதில் 3, 4 மில்லிமீட்டர், சிலருக்கு இன்னும் அதிகம். வயது ஏற ஏறத் தானாக ஒடுங்கும். 60-ஐத் தாண்டியவர்களுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய், வலி என்பதே இல்லாமல் இருப்பதும் உண்டு. தலை நரைத்திருக்கிறது என்று எழுதுவது மாதிரிதான் இதுவும். சந்தேகம் தீர வேண்டுமானால் வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது தோளைத் தொடுங்கள். வலி சரியாகக் காறை எலும்பின் நுனியில் ஒற்றை விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் வந்தால் அந்த மூட்டைப் பேசலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எலும்புத் தேய்மானம் என்று உங்கள் வீட்டுக்காரம்மா சொல்வதைக் காட்டுகிற இடைவெளி வேறு. அது பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் உள்ளது, சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர். அங்கே இடைவெளியாகத் தெரிவது உண்மையில் குருத்தெலும்பு. அது தேய்ந்தால் இடைவெளி குறுகும், கடைசியில் எலும்பும் எலும்பும் உரசும். ஆனால் கிண்ணம் நேர் பக்கவாட்டில் பார்ப்பதில்லை, கொஞ்சம் முன்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. அதனால் நேராக நிற்க வைத்து எடுத்தால் பந்தின் நிழல் கிண்ணத்தின் மேல் விழுந்து சந்து மறைந்துவிடும். உடம்பை 35 முதல் 45 பாகை திருப்பி எடுத்தால்தான் அது தெளிவாகத் திறக்கும். உங்கள் அறிக்கையில் இந்த மூட்டைப் பற்றிக் குறை ஒன்றும் நீங்கள் குறிப்பிடவில்லை. அப்படியானால் நல்லதுதான். (இது குறுகாமல் 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று தெரிந்தால், பந்து பின்பக்கமாக நழுவியிருக்கிறதா என்று பார்ப்போம். வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் அப்படி ஆவதுண்டு. உங்கள் கதை அதுவல்ல.)

இன்னொரு இடைவெளியும் இருக்கிறது, காறை எலும்புக்கும் அதன் கீழே அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புக்கும் நடுவில். 11 முதல் 13 மில்லிமீட்டர். மோட்டார் சைக்கிளிலிருந்து தோள் தரையில் அடிபட விழுகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் பார்ப்பேன். போன வருடம் வழுக்கி விழுந்தபோது தோள் உச்சியில் படி மாதிரி எதுவும் புடைக்கவில்லையே? அப்படியானால் அதைத் தாண்டிப் போவோம்.

இனி உங்கள் தோளுக்கு வருகிறேன். எக்ஸ்ரேயை மேசையில் வைத்துவிட்டு, வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி மடக்கி, கைகளை முன்னால் நீட்டுங்கள், தட்டு ஏந்துகிற மாதிரி. முழங்கை விலாவை விட்டு விலகாமல் இரண்டு கையையும் வெளிப்பக்கம் திருப்புங்கள், கதவு திறப்பது போல. இடது எவ்வளவு போகிறது, வலது எவ்வளவு போகிறது என்று அம்மா பார்க்கட்டும். வலது பாதியில் நின்றால், நீங்கள் தளர்த்திக்கொண்டு அவரை மெதுவாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். அவர் திருப்பியும் சுவரில் முட்டியது போல நின்றால், தோள் இறுகிவிட்டது என்று அர்த்தம். ஃப்ரோசன் ஷோல்டர் என்பது இதைத்தான். மூட்டின் உறை சுருங்கிவிடும்; இருபது, முப்பது மில்லி திரவம் கொள்கிற பை பத்துக்கும் குறைவாகிப் போகும். இதில் எக்ஸ்ரே இடைவெளிகள் எல்லாம் கச்சிதமாக, சரியாகவே இருக்கும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. பர்ஸ் எடுக்கச் சிரமம் என்று நீங்கள் எழுதியதால்தான் இதை இவ்வளவு சொல்கிறேன்.

அம்மா திருப்பினால் கை தாராளமாகப் போகிறது, நீங்களாகத் திருப்பவோ தூக்கவோதான் பலம் இல்லை என்றால் அது நாணின் பக்கம் கைகாட்டுகிறது. கையைப் பாதி தூக்கும்போது பிடித்து, அதைத் தாண்டினால் விடுகிறது என்று சொன்னீர்கள். 60-லிருந்து 120 பாகைக்குள் வரும் அந்த வலி, கூரைக்குக் கீழே நாணும் பையும் புண்பட்டிருப்பதற்கு நல்ல அடையாளம். என் ஊகம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஊகம் என்றுதான் சொல்கிறேன். கடிதத்தில் தோளைத் தொட முடியாது.

உங்கள் தொழிலைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள். நாணைச் சோதிக்க டாக்டர்கள் செய்கிற ஒரு சோதனை உண்டு. கையைச் சற்று முன்பக்கமாகத் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, பெருவிரல் கீழே பார்க்கும்படி, டின்னிலிருந்து கடைசிச் சொட்டைக் கவிழ்ப்பது மாதிரி திருப்பச் சொல்வார்கள். அப்புறம் மேலிருந்து அழுத்துவார்கள். அதற்குக் காலி டின் சோதனை என்றே பெயர். தே தாரிக் இழுப்பவர் செய்வதும் ஏறக்குறைய அதேதான். குவளையைத் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பி ஊற்றுகிறார். அந்தத் திருப்பத்தில் மேற்கை எலும்பின் முண்டு நேராகக் கூரைக்கு அடியில் வந்து நிற்கும், நாண் நடுவில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் அந்தச் சோதனையைத் தினமும் நூற்றுக்கணக்கான தடவை, அதுவும் எடையோடு, 30 வருடம் எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் நாளைக்கே மாற்ற வேண்டியது அதுதான். குவளையை நெற்றிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். மார்பு உயரத்திலிருந்து இழுத்தாலும் நுரை வரும், வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். முழுக் குவளை வேண்டாம், பாதிப் பாதியாக ஆற்றுங்கள். கடையில் தம்பி யாராவது இருந்தால் காலை நேரக் கூட்டத்தை அவரிடம் விடுங்கள். கையை முழுசாக ஓய்வில் போட்டுத் தொட்டிலில் கட்டிக்கொள்வது மட்டும் கூடாது. இனிப்பு நீர்க்காரருக்கு அது இறுகிப்போக அழைப்பு விடுவதற்குச் சமம்.

அகலமாக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். கூரையின் அடிப்பக்க எலும்பைச் செதுக்கி இடம் பண்ணுகிற ஆபரேஷன் பல வருடங்களாக நடக்கிறது. கேட்கவே நியாயமாக இருக்கிறது, இல்லையா? நாணுக்கு இடம் போதவில்லை, இடம் பண்ணிக் கொடு. ஆனால் 2018-ல் இங்கிலாந்து டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஒரு பகுதி நோயாளிகளுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு பகுதிக்குத் துளையிட்டு உள்ளே பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் மூடினார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் செய்யவில்லை. செதுக்கியவர்களுக்கும் சும்மா பார்த்து மூடியவர்களுக்கும் நோயாளி உணரும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. அதே வருடம் ஃபின்லாந்திலிருந்தும் இதையே சொல்லும் ஆய்வு வந்தது. முழுக் கிழிசல் உள்ளவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நாணைத் தைக்கிற ஆபரேஷன் வேறு விஷயம். ஆனால் மில்லிமீட்டரை மட்டும் கூட்டுவதற்காகக் கத்தியைத் தேடிப் போகாதீர்கள் என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியும்.

பந்தைக் கீழே பிடித்து வைக்கிற தசைகளுக்குப் பலம் கொடுப்பதுதான் முதல் வழி. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஒன்று சொல்கிறேன். பயிற்சி ரப்பர் பட்டையை இடுப்பு உயரத்தில் கதவுக் குமிழில் கட்டி, கதவுக்கு இடது பக்கம் காட்டி நில்லுங்கள். சுருட்டிய துண்டு ஒன்றை வலது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்குங்கள். வலது கையால் பட்டையைப் பிடித்து, துண்டு விழாமல் வெளிப்பக்கம் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாகத் திரும்ப விடுங்கள். பத்துப் பதினைந்து தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். துண்டு கீழே விழுந்தால் தப்பாகச் செய்கிறீர்கள். 12 வாரமாவது ஆகும். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட யோசனை சொன்னால் இனிப்பு நீர் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். போட்டுச் சில நாளைக்குச் சர்க்கரை எகிறும்.

உருட் விஷயத்தில் வீட்டுக்காரம்மாவோடு சண்டை வேண்டாம். எண்ணெய் வைத்துக் கழுத்தையும் தோள்பட்டையையும் மெதுவாக நீவினால் சுகமாகத்தான் இருக்கும். கையைப் பிடித்து முறுக்கி ‘மூட்டை உட்கார வைக்கிறேன்’ என்று யாராவது வந்தால் மட்டும் எழுந்துவிடுங்கள்.

படம் திரும்ப எடுக்கத்தான் வேண்டும், ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. கிளினிக் கெசிஹத்தானில் (அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில்) கடிதம் வாங்கும்போதே ‘இரண்டு தோளும், நின்றபடி, கைகள் தொங்கவிட்டு’ என்று எழுதித்தரச் சொல்லுங்கள். இடது தோள்தான் உங்களுக்கு உரிய அளவுகோல். புத்தகத்தில் உள்ள 7-ம் 14-ம் ஊராருடையது. பழைய இரண்டு படங்களின் சிடியையும் கையில் கொண்டுபோங்கள். கூடவே அல்ட்ராசவுண்டும் கேளுங்கள். நாணை நேராகப் பார்க்க அது போதும், எம்ஆர்ஐ ஆபரேஷன் பேச்சு வரும்போது எடுத்துக்கொள்ளலாம். அல்ட்ராசவுண்டில் கிழிசல் என்று வந்தாலும் திடுக்கிட வேண்டாம். 60-ஐத் தாண்டியவர்களில் பல பேர் கிழிசலோடு வலி தெரியாமல் கடை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். காத்திருக்கக் கூடாதது இது: திடீரென்று ஒருநாள் கையைத் தூக்கவே முடியாமல் போவது, காய்ச்சலோடு தோள் சூடாக வீங்குவது, கை மரத்துப் போவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பால்குடத்துக்கு வருகிறேன். தண்ணீர்மலையில் 513 படி. ஏறுவதற்குக் கால்தான் வேண்டும், தோள் வேண்டாம். சிரமம் படியில் இல்லை, தலையில் குடத்தைப் பிடித்தபடி மணிக்கணக்கில் உயர்ந்தே நிற்கிற கையில்தான். குடத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் பிடியுங்கள், வலது கை தொங்கட்டும். நடுநடுவே மகன் கூட வந்து தாங்கிக்கொள்ளட்டும். தோளில் ஏறி உட்காருகிற காவடி இந்த வருடம் வேண்டாம். வரிசையில் நிற்கும்போது மாத்திரையையும் சாப்பாட்டையும் தவறவிடாதீர்கள், தலைசுற்றல் வேறு இருக்கிறது என்கிறீர்கள். அதற்கு என்ன காரணம் என்று தோளுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இறங்கியிருந்ததா என்று அன்றைக்கு யாரும் குத்திப் பார்த்தார்களா?

புதுப் படம் வந்ததும் இரண்டு தோளின் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். ஒரு நாளும் வலிக்காத இடது தோளிலும் 7 என்று வந்தால், எனக்கு எழுதுவதற்கு முன்னால் உங்கள் மகனிடம் காட்டிவிடுங்கள்.